பொத்தானா, ஒலிப்பதிவா, சிரட்டையா? வகுப்புக்கு ஏற்ற இசைப் படப்புத்தகம்

தரம் 2 அல்லது 3 பிள்ளைகளுக்கு இசையோடு ஒரு படப்புத்தகம் வாங்க வேண்டும் என்று கொழும்பில் கடை ஏறினால் மூன்று வகை கையில் சிக்கும். அழுத்தினால் சத்தம் போடும் பொத்தான் புத்தகம் ஒன்று. பெரிய இசைப் படைப்பு ஒன்றைக் கதையும் படமுமாகச் சொல்லி, ஒலிப்பதிவைத் தனியே போட்டுக் கேட்க வைக்கும் புத்தகம் இன்னொன்று. மூன்றாவது சத்தமே போடாத சாதாரணப் படக்கதை. அதில் மழை, ரயில், சந்தை என்று சத்தத்துக்கு இடம் இருந்தால் போதும், இசையை வகுப்பே உண்டாக்கிக்கொள்ளும். அட்டையைப் பார்த்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் தூக்குகிறார்கள். வகுப்புக்கு என்றால் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு பார்க்கப் பொத்தான் புத்தகம் அருமையானது. முப்பது, நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் கதை வேறு. மெல்லிய ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம், மின்விசிறி இரைச்சலையும் காலி வீதி ஹோர்ன்களையும் தாண்டிப் பின் வாங்குக்குப் போகாது. எல்லாருக்கும் அழுத்த வேண்டும், அதனால் பாடவேளை முழுக்க "மிஸ், இப்ப என்ர முறை" என்பதிலேயே கழியும். அதைவிடப் பெரிய குறை, பசு எப்படிக் கத்தும், மணி எப்படி அடிக்கும் என்பதைப் புத்தகமே முடிவு செய்துவிடுவது. பிள்ளைக்கு மிஞ்சுவது விரலால் அழுத்தும் வேலை மட்டும். இன்னொன்றும் உண்டு. உள்ளே நாணய வடிவப் பற்றரி இருந்தால் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடக்கூடியது அது. சரி, மேற்பார்வை உள்ள நர்சரி மூலையில் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாம் வகையில்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. உலகம் முழுக்க இரண்டு படைப்புகள் திரும்பத் திரும்பப் படப்புத்தகமாக வருகின்றன. ஒன்று, ரஷ்ய இசையமைப்பாளர் புரோக்கோபியெவ் 1936இல் சிறுவர்களுக்காக எழுதிய 'பீட்டரும் ஓநாயும்'. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம்: குருவிக்குப் புல்லாங்குழல், பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பசூன், ஓநாய்க்கு ஹோர்ன் என்ற ஊது வாத்தியம் மூன்று, வாத்துக்கு ஓபோ. ஓபோவை நம் பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம் என்று நினைக்க வேண்டாம். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அதற்கும் அப்படி இரட்டை நாணல்தான். கோவில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துச் சரிபார்ப்பதைப் பார்த்த பிள்ளைக்கு அந்த மூக்கடைத்த குரல் உடனே பிடிபடும்.

கடைசியில் ஓநாயின் வயிற்றுக்குள்ளிருந்து வாத்தின் குரல் கேட்கும். அதை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டுப் பாருங்கள், எழுத்துப் பயிற்சிக்கு வேறு தலைப்பே தேவையில்லை. ஆனால் முழுவதும் கேட்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். நாற்பது நிமிடப் பாடவேளையில் கேட்டு, வரைந்து, பேசி முடிக்க வழியில்லை. கதையும் இறுக்கமானது, யார் எப்போது வருவார் என்பதை மாற்ற முடியாது.

அந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர் சான் சோன்ஸ் 1886இல் எழுதிய 'விலங்குகளின் திருவிழா' எனக்கு ஒரு படி மேலே தெரிகிறது. 14 சின்னத் துண்டுகள், பல ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். யானைக்கு டபிள் பாஸ், அன்னத்துக்குச் செலோ, எலும்புக்கூடுகளுக்குச் சைலபோன். ஒரு பாடவேளைக்கு ஒரு விலங்கு போதும். இதில் ஆமைக்கு வருவது உண்மையில் வேகமான ஒரு நடன மெட்டு. அதையே ஊர்ந்து போகிற வேகத்தில் வாசிக்க வைத்துக் குறும்பு செய்திருக்கிறார். பிள்ளைகளுக்கு இந்தக் குறும்பு அப்படியே பிடிக்கும். தெரிந்த பாட்டு ஒன்றை ஆமைபோலப் பாடச் சொல்லுங்கள், பிறகு அணில்போல.

கேட்டு வரைய வைப்பதற்கும் கொழும்பில் ஆயத்தமாக ஒரு மெட்டு இருக்கிறது. வீதி வீதியாகப் பாணும் பனிசும் விற்க வரும் சூன் பாண் ஓட்டோவில் ஒலிப்பது பேதோவனின் பியானோ மெட்டுத்தான். அதைப் போட்டுவிட்டு மனதில் வருவதை வரையச் சொன்னால் மாலு பாணும் கிம்புலா பனிசும்தான் தாளில் இறங்கும். மேற்கத்திய இசை நம் பிள்ளைகளுக்கு ஒட்டாது என்பவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம். கேட்ட இடமும் நேரமும்தான் மெட்டுக்குப் படம் கொடுக்கின்றன. ஆகவே இந்த வகைப் புத்தகத்தை முதலில் மூடியே வைத்திருங்கள். இசை, பிள்ளைகளின் ஓவியம், அதற்குப் பிறகே புத்தகப் படம். மாற்றிச் செய்தால் வகுப்பு முழுக்க ஒரே யானையைத்தான் வரையும்.

மூன்றாம் வகைக்குப் பணம் குறைவு, உழைப்பு அதிகம். நமக்கு இதில் ஒரு வசதி, தமிழில் இரட்டைக்கிளவி கொட்டிக் கிடக்கிறது. சடசட, சலசல, கலகல, தடதட. ஒரு வரிசைக்கு ஒன்று கொடுத்துவிட்டால் பக்கம் திரும்பும்போது சத்தமும் மாறும். வாத்தியங்களுக்கு யோகட் கப்பில் பயறு, இரண்டு சிரட்டை, ஒரு பிஸ்கட் டின். வெள்ளவத்தைப் பிள்ளைக்குக் கடலோர ரயிலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தூரத்தில் மெதுவாகத் தொடங்கி, நெருங்கி, அலைச் சத்தத்தை விழுங்கிவிட்டுப் போவதை அதுவே செய்து காட்டும்.

அப்புறம் அதைத் தாளில் ஏற்றலாம். தட்டலுக்குப் புள்ளி, முணுமுணுப்புக்கு நீளக்கோடு, கடலுக்கு நெளிகோடு, சத்தம் கூடினால் கோடு தடிக்கும். ஒரு குழு வரைந்ததை மற்றக் குழு வாசித்து, இது என்ன கதை என்று ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால் இன்னும் நல்லது, இரண்டாவது கதை ஒன்று கிடைத்துவிடும். பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்ப்பார்தான். மண்டபம் காலியாக இருக்கும் நேரமோ கடைசிப் பாடவேளையோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தரம் 5 என்றால் புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரை இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதே உத்தமம்.

மொழியைப் பொறுத்தவரை இரண்டாம் வகைப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். ஆசிரியை கதையைத் தமிழில் சொல்லிவிடலாம், இசைக்கு மொழி தடையில்லை. மூன்றாம் வகைக்குத் தமிழ்ப் புத்தகமே வேண்டும், இரட்டைக்கிளவி எல்லாம் ஆங்கிலப் பக்கத்தில் ஒட்டாது.

ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் சத்தம் நிறைந்த தமிழ்ப் படக்கதையை வாங்குங்கள். மிச்சக் காசை ஒரு சின்ன ஸ்பீக்கருக்குச் சேர்த்து வையுங்கள். ஆமையையும் யானையையும் போனிலிருந்தே போட்டுக் காட்டலாம், அதற்குப் புத்தகம் பிறகு வந்தாலும் பரவாயில்லை.