விலைச்சீட்டா, உச்சவரம்பா? சாம்பியன்ஸும் மியூட்டண்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸும்

சூப்பர்ஹீரோ டேபிள்டாப் கேம்களில் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்கள்) எழும் வாக்குவாதங்களில் பாதி, "இந்தப் பவருக்கு இந்த விலை நியாயமா?" என்ற ஒரே கேள்வியில் வந்து நிற்கும். ஒருவர் பாலத்தையே பெயர்த்து எறிகிறார், இன்னொருவர் அம்பு விடுகிறார். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வில்லனோடு மோத வேண்டும். 1979இல் வந்த வில்லன்ஸ் அண்ட் விஜிலாண்டீஸில் பவர்களைப் பகடைதான் முடிவு செய்தது, வாய்த்தவருக்கு வாய்த்தது. 1981இல் ஜார்ஜ் மெக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் கொண்டுவந்த சாம்பியன்ஸ் அதை மாற்றியது. பாத்திரத்தைக் கட்ட எல்லோருக்கும் ஒரே அளவு பாயிண்ட், எல்லாவற்றுக்கும் ஒரு விலை. அந்த விதிகள் வளர்ந்துதான் ஹீரோ சிஸ்டம் ஆனது. 2002இல் ஸ்டீவ் கென்சன் எழுதி, கிரீன் ரோனின் வெளியிட்ட மியூட்டண்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் (இனி எம் அண்ட் எம்) பாயிண்ட்டை வைத்துக்கொண்டே, அதன் மேல் பவர் லெவல் என்ற கூரையையும் போட்டது.

ஹீரோ சிஸ்டம் விலையை நம்புகிறது, எம் அண்ட் எம் கூரையை நம்புகிறது. எது எங்கே ஒழுகுகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஹீரோ சிஸ்டத்துக்கு (இனி ஹீரோ) 6ஆம் பதிப்பையும் (2009), தேவைப்படும் இடத்தில் 5ஆம் பதிப்பையும் எடுத்துக்கொள்கிறேன். எம் அண்ட் எம்முக்கு 3ஆம் பதிப்பு (2011).

ஹீரோ: மூச்சுக்கும் விலை உண்டு

6ஆம் பதிப்பில் வழக்கமான சூப்பர்ஹீரோவுக்கு 400 பாயிண்ட். தூரத்தாக்குதலான பிளாஸ்ட் ஒரு பகடைக்கு 5 பாயிண்ட். ஆக 12டி6 (ஆறுமுகப் பகடை பன்னிரண்டு) பிளாஸ்ட் 60. சராசரியாக 42 ஸ்டன் (மயங்க வைக்கும் சேதம்) அடி விழும். ஒவ்வொரு 10 ஆக்டிவ் பாயிண்ட்டுக்கும் (தள்ளுபடிக்கு முந்தைய விலை) 1 எண்டுரன்ஸ் (தெம்பு) செலவு என்பதால், இந்த பிளாஸ்டை ஒருமுறை விட 6 எண்டுரன்ஸ் போகும்.

ஒரு நெருப்பு வீரரை எடுத்துக்கொள்வோம்: ஸ்பீடு (ஒரு டர்னில் எத்தனை முறை செயல்படலாம்) 5, எண்டுரன்ஸ் 40, ரெக்கவரி (தெம்பு திரும்பும் அளவு) 10. 20 மீட்டர் பறந்து (2 எண்டுரன்ஸ்) முழு பிளாஸ்ட் விட்டால் ஒரு முறைக்கு 8 போகிறது. 12 விநாடி கொண்ட ஒரு டர்னில் அவருக்கு ஐந்து முறை வாய்ப்பு வரும். ஐந்தெட்டு நாற்பது. டர்ன் முடியும்போது கையிருப்பு பூஜ்யம். 12ஆம் செக்மெண்டுக்கு, அதாவது டர்னின் கடைசி விநாடிக்குப் பிறகு 10 திரும்பக் கிடைக்கும். அடுத்த டர்னில் ஒரே ஒரு முறைதான் முழு பலத்தோடு அடிக்கலாம். அதன் பிறகு ஒரு முறையை விட்டுக்கொடுத்து மூச்சு வாங்க வேண்டும், அல்லது ஸ்டன்னை எரிக்க வேண்டும்; 2 எண்டுரன்ஸுக்கு 1டி6 ஸ்டன் வீதம் தன்னைத்தானே அடித்துக்கொள்வதற்குச் சமம்.

புதிதாக ஆடுபவர்களுக்கு இது வெறும் கணக்குத் தொல்லையாகத் தெரியும். ஆனால் ஹீரோ சிஸ்டத்தின் சமநிலையே இந்த எண்டுரன்ஸில்தான் நிற்கிறது. காரணம் ஸ்பீடு. ஸ்பீடு ஒன்றுக்கு 10 பாயிண்ட். 4இலிருந்து 6க்குப் போக 20 பாயிண்ட், அதாவது மொத்த பட்ஜெட்டில் 5 சதவீதம். கிடைப்பதோ 50 சதவீதம் கூடுதல் வாய்ப்பு. ஹீரோ விலைப்பட்டியலில் இதைவிட மலிவான சரக்கு கிடையாது. இதற்குக் கடிவாளம் எண்டுரன்ஸ்: அதிகம் அடிப்பவர் அதே வேகத்தில் களைத்தும் போவார், ஆனால் டர்ன் முடிவில் கிடைக்கும் ரெக்கவரி எல்லோருக்கும் ஒரே ஒருமுறைதான்.

அந்தக் கடிவாளத்தை அறுக்கும் வழியும் விதியிலேயே இருக்கிறது. எண்டுரன்ஸே செலவாகாத பவர் வேண்டுமென்றால் +1/2 அட்வாண்டேஜ், அதாவது விலையில் பாதி கூடுதல். 60 பாயிண்ட் பிளாஸ்ட் 90 ஆகிறது. ஆக்டிவ் பாயிண்ட்டுக்கு கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) 60 என்று வரம்பு வைத்திருந்தால், 8டி6 பிளாஸ்ட்தான் அதற்குள் அடங்கும், சராசரி 28. எதிரியின் டிஃபென்ஸ் (அடியிலிருந்து கழியும் தற்காப்பு) 25 என்றால் 3 ஸ்டன் மட்டும் உள்ளே போகும். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

சரி, வரம்பு இல்லாத மேசையில் அந்தக் கூடுதல் 30 பாயிண்ட்டைக் கொடுப்பது லாபமா? இங்கேதான் பதிப்பைப் பார்க்க வேண்டும். 5ஆம் பதிப்பில் ஒரு பாயிண்ட்டுக்கு 2 எண்டுரன்ஸ்; 30 பாயிண்ட்டுக்கு 60, அதாவது பத்து பிளாஸ்ட். ஒரு நீளமான சண்டைக்கு அது எட்டாது, எனவே அட்வாண்டேஜ் வாங்குவதில் அர்த்தம் இருந்தது. 6ஆம் பதிப்பில் ஒரு பாயிண்ட்டுக்கு 5 எண்டுரன்ஸ். அதே 30 பாயிண்ட்டில் 150 வாங்கலாம், இருபத்தைந்து பிளாஸ்ட். இரண்டு மூன்று டர்னில் முடியும் சண்டைக்கு அதில் பாதியே போதும், மிச்சம் பறப்பதற்கும் உதவும். பழைய பதிப்பின் பழக்கத்தில் இன்றும் பூஜ்ய எண்டுரன்ஸ் வாங்குபவர்கள் வீணாகப் பணம் கட்டுகிறார்கள்.

விலையில் விழுந்த ஓட்டைகள்

5ஆம் பதிப்பு வரை இருந்த பெரிய ஓட்டை, ஒரு பண்பை வாங்கினால் மற்றவை இலவசமாக ஒட்டிக்கொண்டு வந்ததுதான். 10 பாயிண்ட் கொடுத்து வலிமையை 10 கூட்டினால் உடல் டிஃபென்ஸ் 2, ரெக்கவரி 2, ஸ்டன் 5 கூடவே வரும். அவற்றைத் தனித்தனியாக வாங்கினால் 2 + 4 + 5 = 11 பாயிண்ட். கொடுத்ததைவிட இனாமின் மதிப்பே ஒன்று கூட! கூடுதலாக 2டி6 குத்துப் பலமும் பாரம் தூக்கும் திறனும் வேறு. மனதால் தாக்கும் ஒல்லியான டெலிபத்தி வீரர்கூட அந்தக் காலத்துப் பாத்திரத் தாளில் பயில்வானைப் போல இருந்ததற்கு இதுதான் காரணம். 6ஆம் பதிப்பு இந்த ஒட்டு உறவை முழுவதும் வெட்டிவிட்டது. எல்லாவற்றையும் தனியாக வாங்க வேண்டும். தாள் நீளமானது, ஆனால் கணக்கு நேர்மையானது.

இரண்டாவது, கில்லிங் அட்டாக். 60 பாயிண்ட்டுக்கு 4டி6, சராசரி 14 பாடி (உடற்காயம்). ஸ்டன்னுக்கு அதை ஒரு பெருக்கியால் பெருக்க வேண்டும். 5ஆம் பதிப்பில் அந்தப் பெருக்கி ஒரு பகடையில் ஒன்று கழித்தது, குறைந்தபட்சம் 1. டிஃபென்ஸ் 30 உள்ள எதிரியை 12டி6 பிளாஸ்ட் அடித்தால் சராசரி 12 ஸ்டன் உள்ளே போகும். கில்லிங் அட்டாக்கில், 14ஐ வைத்துக்கொண்டு பெருக்கியை மட்டும் உருட்டினால், ஆறில் மூன்று முறை ஒன்றும் போகாது. மற்ற மூன்று முறை 12, 26, 40. சராசரி 13. கவசம் தடிக்கத் தடிக்க, சாதாரண அடியைவிட இந்தச் சூதாட்டம் மேலாகிப் போனது. கொல்ல விரும்பாத ஹீரோக்களும் நகம், வாள் என்று வாங்கக் குவிந்தார்கள். 6ஆம் பதிப்பில் பெருக்கி அரைப் பகடை, அதாவது 1 முதல் 3 வரை. அதே எதிரி மேல் 3 விழுந்தால்தான் 12 போகும், சராசரி 4. ஒரே ஒரு பெருக்கியை மாற்றியதில் மேசையின் நடத்தையே மாறியது.

மூன்றாவது ஓட்டை இன்னும் இருக்கிறது: மல்டிபவர். 60 பாயிண்ட்டில் ஒரு கையிருப்பு வாங்கி, அதற்குள் 60 பாயிண்ட் பவர்களை ஒவ்வொன்றும் 6 பாயிண்ட்டுக்கு அடுக்கலாம். நான்கு வகைத் தாக்குதல் 240க்குப் பதில் 84. எம் அண்ட் எம்மிலும் இதே ஏற்பாடு அரே என்ற பெயரில் உண்டு. அங்கே இன்னும் அடிமாட்டு விலை: 20 பாயிண்ட் பவருக்கு மாற்று வடிவம் தலா 1 பாயிண்ட். நான்கு தாக்குதல் 80க்குப் பதில் 23. பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் ஹீரோவில் ஒரு ஸ்லாட் (மல்டிபவரில் அடுக்கும் ஒரு பவர்) 400இல் 6, ஒன்றரை சதவீதம். எம் அண்ட் எம்மில் 150இல் 1, முக்கால் சதவீதம்கூட இல்லை.

ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும் என்பது இரண்டிலும் நிபந்தனை. தாக்குதல்களுக்கு அது நிபந்தனையே அல்ல, எப்படியும் ஒருமுறைக்கு ஒன்றைத்தான் விடப் போகிறோம். தப்பு நடப்பது பறத்தலையும் தற்காப்பையும் சிக்கனத்துக்காக அதே அரேக்குள் திணிக்கும்போது. வானத்தில் நின்றபடி முழு பலத்தில் நெருப்பை விட்டால் அந்தக் கணமே பறத்தல் அணைந்து, ஆள் கீழே விழுவார்.

எம் அண்ட் எம்: கூரைக்குக் கீழே

பவர் லெவல் 10 என்றால் 150 பாயிண்ட். அதைவிட முக்கியம் கூரைகள். தாக்கும் போனஸும் (குறி தப்பாமை) தாக்கத்தின் ரேங்கும் (பலத்தின் அளவு) சேர்ந்து 20ஐத் தாண்டக்கூடாது. டாட்ஜும் (தூரத்தாக்குதலிலிருந்து விலகுதல்) டஃப்னஸும் (அடி தாங்குதல்) அப்படியே, பேரியும் (கைகலப்பில் தடுத்தல்) டஃப்னஸும் அப்படியே, ஃபோர்ட்டிட்யூடும் (உடல் உறுதி) வில்லும் (மன உறுதி) அப்படியே. எண்டுரன்ஸ் கிடையாது, எல்லோருக்கும் சுற்றுக்கு ஒரு முக்கியச் செயல்தான். ஹீரோவை ஆட்டிப்படைக்கும் ஸ்பீடு பிரச்சினை இங்கே பிறக்கவே இல்லை.

+10 தாக்குதல், 10 ரேங்க் சேதம் என்று சமமாக வைக்கலாம். +7க்கு 13 என்றோ +13க்கு 7 என்றோ சாய்க்கவும் செய்யலாம். கூட்டுத்தொகை ஒன்றுதான், பலனும் ஒன்றுதானா? எதிரிக்கு டாட்ஜ் 10, டஃப்னஸ் 10 என்று வைத்து, கிரிட்டிகலை (பகடையில் 20 விழும் விசேஷ அடி) தள்ளிவிட்டுப் பார்ப்போம். +10 போனஸில் அடி படும் வாய்ப்பு 55 சதவீதம். சேதம் 10 என்றால் எதிர்ப்பு உருட்டலுக்கு இலக்கு 25. இருபதுமுகப் பகடையில் 9 அல்லது குறைவாக விழுந்தால் எதிரி தடுமாறுவார் அல்லது அதைவிட மோசமாவார்: 45 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் ஏறக்குறைய 25 சதவீதம். +7, 13 சாய்வில் அது 24. +13, 7 சாய்வில் 21. கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் எதிரியை நிலைகுலைய வைக்கும் மூன்றாம் படித் தோல்வியைப் பாருங்கள்: சமநிலையில் 11 சதவீதம், கனமான அடியில் 14, துல்லியமான அடியில் வெறும் 3.5. ஒரே அடியில் சாய்க்கும் வாய்ப்பு கனமான அடிக்கு மட்டும்தான் உண்டு. ஆக, கூட்டுத்தொகை சமம் என்ற கூரைக்குக் கீழேயும் கனமான அடிக்கே கை ஓங்கி இருக்கிறது. துல்லியத்தின் பக்கம் போக விரும்பும் வில்லாளி, சேதத்தைவிட அஃப்ளிக்‌ஷன் போன்ற நிலைத்தாக்கங்களை (எதிரியை மயக்கும், முடக்கும் பவர்களை) அரேயில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூரையின் பெரிய விரிசல் பெர்செப்ஷன் ரேஞ்ச். கண்ணில் பட்டாலே போதும், குறி பார்க்கும் உருட்டலே இல்லை. 10 ரேங்க் சேதத்துக்கு 20க்குப் பதில் 30 பாயிண்ட். மேலே பார்த்த அதே எதிரி மேல் 25 சதவீதம் 45 ஆகிறது. விலை ஒன்றரை மடங்கு, பலன் 1.8 மடங்கு. டாட்ஜை நம்பிக் கட்டிய, டஃப்னஸ் குறைந்த வேகக்கார ஹீரோவை இது ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். கேம் மாஸ்டர் ஒப்புதல் இல்லாமல் விடக்கூடாத பவர் இதுதான்.

விலைப்பட்டியலிலும் கோணல் உண்டு. அதே +10 தூரத்தாக்குதல் போனஸை டெக்ஸ்டெரிட்டியாக வாங்கினால் 20 பாயிண்ட், ரேஞ்ச்டு அட்டாக் என்ற அட்வாண்டேஜாக வாங்கினால் 10, ஒரு குறிப்பிட்ட தாக்குதலுக்கான காம்பாட் ஸ்கில்லாக வாங்கினால் 5. டெக்ஸ்டெரிட்டியோடு வாகனம் ஓட்டுதலும் கைவித்தையும் வருவதால் 20 நியாயம்தான். 5 நியாயமில்லை, ஏனென்றால் பெரும்பாலான ஹீரோக்கள் ஒரே தாக்குதலைத்தான் வாழ்நாள் முழுக்க விடுகிறார்கள். பிரசன்ஸ் இதற்கு நேர்மாறு. ரேங்குக்கு 2 பாயிண்ட் வாங்கிக்கொண்டு மூன்று ஸ்கில்லில் ஒவ்வொன்று தருகிறது. ஸ்கில்லாக வாங்கினால் ஒன்றரைதான். பேச்சுத் திறமையுள்ள பாத்திரம் வேண்டுமென்றால் ஸ்கில்லையே நேரடியாக வாங்கிவிடுங்கள்.

பலவீனத்துக்குத் தரும் தள்ளுபடி

கழற்றிப் பறிக்கக்கூடிய கருவியில் பவர் இருந்தால் ஹீரோவில் –1 தள்ளுபடி. 60 பாயிண்ட் 30 ஆகும். எம் அண்ட் எம்மில் எளிதில் பறிக்கலாம் என்றால் 5க்கு 2 கழிவு. 60 என்பது 36. ஹீரோ பாதியைத் தள்ளுகிறது, எம் அண்ட் எம் ஐந்தில் இரண்டை. எந்தச் சண்டையிலும் அந்தக் கருவியை வில்லன் பறிக்காவிட்டால் இரண்டுமே தானம்தான்.

பாத்திரத்தின் சொந்தச் சிக்கல்களில் எம் அண்ட் எம் தெளிவாக முந்துகிறது. ஹீரோவில் அவற்றை எழுதிக் கொடுத்தால்தான் முழு பட்ஜெட்: 5ஆம் பதிப்பில் 150 பாயிண்ட் வரை, 6ஆம் பதிப்பில் 75. பாயிண்ட் முன்பணமாகக் கைக்கு வந்துவிடுகிறது, சிக்கல் கதையில் வருவது கேம் மாஸ்டரின் ஞாபகசக்தியைப் பொறுத்தது. எம் அண்ட் எம்மில் சிக்கல் நிஜமாகக் குறுக்கே வந்து நிற்கும்போதுதான் ஹீரோ பாயிண்ட் என்ற வெகுமதி. வேலை பார்த்த பிறகே கூலி.

இந்த இரண்டுக்கும் வெளியே நிற்பவை பற்றிச் சுருக்கமாக. எல்லா வகைக் கதைக்குமான கர்ப்ஸ் ஆட்டத்தின் 4ஆம் பதிப்பில் தீத்தாக்குதல் ஒரு பகடைக்கு 5 பாயிண்ட், கவசமும் ஒரு புள்ளிக்கு 5. 10 பகடைத் தீ 50 பாயிண்ட்; அதன் சராசரி அடியான 35ஐத் தடுக்கும் கவசம் 175. மாற்றி எழுதாமல் சூப்பர்ஹீரோ ஆடினால் எல்லோரும் கண்ணாடிப் பீரங்கிகள். 2016இல் வந்த மாஸ்க்ஸ் என்ற ஆட்டம் பவர்களுக்கு விலையே வைப்பதில்லை. அடிபட்டால் கோபம், பயம், குற்றவுணர்வு போன்ற மனநிலைகளைக் குறிக்கிறோம். பதின்ம வயது ஹீரோக்களின் கதைக்கு அது அருமையாகப் பொருந்தும், பவர்களை எடை போட்டுக் கட்டும் சுகம் தேடுபவருக்குப் பொருந்தாது.

எந்த மேசைக்கு எது

மாதம் ஒருமுறை கூடும், பாதிப்பேர் புதியவர்களாக உள்ள குழுவுக்கு எம் அண்ட் எம்தான் என் தேர்வு. கூரை இருப்பதால் மோசமாகக் கட்டிய பாத்திரமும் சண்டையில் நிற்கும். மேலே சேர்க்க வேண்டியவை மூன்றே: ஒரு அரேக்கு நான்கு மாற்று வடிவம் வரை, பெர்செப்ஷன் ரேஞ்ச் சேதத்துக்கு ரேங்க் 7 வரை, காம்பாட் ஸ்கில்லில் +4 வரை.

வாராவாரம் கூடும், களைப்பும் நிலைமையும் சண்டையின் போக்கை மாற்ற வேண்டும் என்று விரும்பும் குழுவுக்கு ஹீரோ 6ஆம் பதிப்பு. ஆனால் கூரையைக் கேம் மாஸ்டரே போட்டாக வேண்டும்: தாக்குதலுக்கு 60 ஆக்டிவ் பாயிண்ட், டிஃபென்ஸ் 20 முதல் 25, ஸ்பீடு 4 முதல் 6. தாளைப் பார்க்கும்போது மொத்த பாயிண்ட்டைக் கூட்டிச் சரிபார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு முறைக்கு ஆகும் எண்டுரன்ஸை ஸ்பீடால் பெருக்கி, ஒரு டர்னுக்கு எவ்வளவு போகிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். அந்த எண் ரெக்கவரியைவிடக் குறைவாக இருந்தால், அந்த ஹீரோ களைக்கவே மாட்டார்; அவருடைய ஸ்பீடை ஒன்று குறைத்துவிட்டு, அதே டிஃபென்ஸ் கொண்ட ஒரு மாதிரி வில்லனோடு இரண்டு டர்ன் ஆட விட்டுப் பாருங்கள்.