பின்மூடியா, டயலா, மெஷினா, ரசீதா: பழைய வாட்சின் வயதை யார் சொல்வதை நம்புவது?

பெரியப்பாவிடம் மஞ்சள் டயல் வைத்த சீக்கோ வாட்ச் ஒன்று இருக்கிறது. மேல் பொத்தானை அழுத்தினால் நடுவிலுள்ள நீள முள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் தெருவுக்கே அதன் கதை தெரியும். "அண்ணா சாவுக்கு மெட்ராஸ் போனப்ப இதைத்தான் கட்டியிருந்தேன்" என்பார். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. விற்றுக் கொடுக்கிறேன் என்று பெங்களூரிலிருந்து வந்த கமிஷன்காரர் ஒருவர் டயலைப் பார்த்துவிட்டு, "கரெக்ட் சார், 69 அல்லது 70. அபூர்வ மாடல்" என்றார். பெரியம்மா மட்டும் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "சின்னவ பொறந்த அப்புறந்தான இது வந்துச்சு?" சின்னக்கா பிறந்தது 1974 டிசம்பரில்.

ஒரே வாட்சுக்கு இரண்டு வயது. எந்தச் சாட்சியை நம்பலாம் என்று ரவுண்டானா பக்கம் இருக்கும் வாட்ச்காரரிடம் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் பின்மூடி. சீக்கோ, சிட்டிசன் இரண்டிலும் சுலபமான வழி இதுதான். சீக்கோவில் நான்கு இலக்கம், கோடு, நான்கு இலக்கம் என்று ஓர் எண் இருக்கும். முன்னால் இருப்பது மெஷின், பின்னால் இருப்பது கேஸ், அதாவது வெளிக்கூடு. பெரியப்பாவுடையதில் 6139-6002. அதற்கருகே வரிசை எண். அதன் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9. அக்டோபருக்கு 'ஓ', நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி' என்று ஆங்கில எழுத்து. இந்த 'ஓ'வைப் பூஜ்யம் என்று படித்துவிட்டுக் குழம்புகிறவர்கள் நிறைய. சிட்டிசனில் முதல் இலக்கம் வருடம், அடுத்த இரண்டு இலக்கமும் மாதம்.

எங்கள் வாட்சில் 4, அடுத்து 'என்'. அதாவது நான்கில் முடியும் ஏதோ ஒரு வருடத்தின் நவம்பர். எந்தப் பத்தாண்டு என்று பின்மூடி வாயைத் திறக்காது. மைத்துனனின் சீக்கோ 5-ல் இதே சிக்கல் வந்தது. 7009 மெஷின், முதல் இலக்கம் 8. அந்த மெஷின் எழுபதுகளின் பிற்பாதியிலிருந்து தொண்ணூறுகள் வரை வந்ததால் 1978-ம் பொருந்தும், 1988-ம் பொருந்தும். அவன் அப்பா எந்த வருடம் சவுதி போனார் என்று கேட்டுத்தான் அதை முடித்தோம். இன்னொரு பலவீனமும் உண்டு. பின்மூடி திருகிக் கழற்றும் பொருள். பத்து வாட்ச் பிரித்துப் போட்டிருக்கும் மேஜையில் ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் போக ஒரு நிமிடம் போதும்.

அப்புறம் டயல். பார்த்தவுடனே பேசிவிடுகிற சாட்சி. பெரியப்பாவின் டயலில் 'வாட்டர் 70எம் புரூஃப்' என்று இருக்கிறது. கமிஷன்காரர் பிடித்துக்கொண்டது இதைத்தான். அவர் சொன்ன தர்க்கம் தப்பில்லை. 1970-ஐ ஒட்டித்தான் சீக்கோ 'புரூஃப்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'ரெசிஸ்ட்' என்று போட ஆரம்பித்தது. ஆகவே 'புரூஃப்' என்றால் ஆரம்பகாலச் சரக்கு. ஆனால் அதே வாட்சைத் திருப்பினால் பின்மூடியில் 'ரெசிஸ்ட்' என்று இருக்கிறது! முன்னால் ஒரு பேச்சு, பின்னால் ஒரு பேச்சு.

வாட்ச்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் சொருகிக்கொண்டு டயலைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். எழுத்துகளின் ஓரம் மை ஊறினாற்போல் தடித்திருந்தது. ஆறு மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, 6139 என்று தொடங்கும் பொடி எழுத்துக் குறியீடு இருக்க வேண்டும். அந்த இடம் வெறும் மஞ்சள். எப்போதோ சர்வீசுக்குப் போனபோது பழைய டயலை எடுத்துவிட்டுப் புது டயல் போட்டிருக்கிறார்கள். பழைய மாடலைப் பார்த்து அச்சடித்த டயல்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: நம் ஊரில் டயலை நம்பி வயது சொல்வது, சாயம் அடித்த தலைமுடியைப் பார்த்து வயது சொல்வதுபோல. மங்கிய டயலைப் புதிதாக்கிக் கொடுப்பதை இங்கே உபகாரமாகத்தான் செய்தார்கள், ஏமாற்ற இல்லை. விற்கிறவர்கள்தான் அதை வேறாக்கிவிட்டார்கள். எச்எம்டி-யிலும் இதே கதை. 1961-ல் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய கம்பெனி. அதன் ஜனதா மாடல் பளீர் ஆரஞ்சிலும் கிளிப்பச்சையிலும் விற்பனைக்கு வந்தால், மெஷின் பழையது, முகம் நேற்று வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

டயலில் ஒன்றை மட்டும் நம்பலாம். சுவிஸ் வாட்சுகளில் ஆறு மணிக்குக் கீழே 'ஸ்விஸ்' என்ற சொல்லுக்கு இருபுறமும் 'டி' எழுத்து இருந்தால், இருட்டில் ஒளிர அதில் பூசியிருப்பது டிரிட்டியம். அறுபதுகளுக்கு முந்தியதில் பெரும்பாலும் ரேடியம். லாரி ஸ்டிக்கர் கடையில் விற்பதையும் நாம் ரேடியம் என்றுதான் சொல்கிறோம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிரிட்டியத்தின் கதிர்வீச்சு சுமார் 12 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். ரேடியத்துக்கு 1,600 வருடம். பூச்சு ஒளிர்வது நின்ற பிறகும் ரேடியம் அப்படியே இருக்கும். முள்ளில் காய்ந்த பழுப்புப் பூச்சு இருந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது.

மூன்றாவது மெஷின். மூடியைத் திறக்காமல் இதைப் பார்க்க முடியாது என்பதுதான் இதன் குறையும் நிறையும். பொய் சொல்ல யாரும் இவ்வளவு உள்ளே போவதில்லை. பேலன்ஸ் வீலுக்குப் பக்கத்தில் 6139பி என்று பொறித்திருந்தது. 'ஏ' முதலில் வந்தது, 'பி' பிறகு வந்தது. 6139 வெளிவந்ததே 1969-ல்தான், எழுபதுகளோடு அதன் காலமும் ஏறக்குறைய முடிந்தது. இப்போது பின்மூடியின் 4-க்கு விடை கிடைத்துவிட்டது. 1964-ல் இந்த மெஷின் பிறக்கவில்லை, 1984-ல் நின்றுபோயிருந்தது. மிச்சம் 1974 நவம்பர்.

அபூர்வமா என்றால், இல்லை. இதே 6139-ஐக் கட்டிக்கொண்டுதான் அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973 நவம்பரில் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போனார். விண்வெளிக்குப் போன முதல் ஆட்டோமேடிக் கிரானோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச், அது. அதனால் மஞ்சள் டயலுக்குக் கிராக்கி வந்தது. ஆனால் லட்சக்கணக்கில் விற்ற வாட்ச். டயல் மாறாதது கிடைப்பதுதான் கஷ்டம், நம்முடையது மாறியது. கமிஷன்காரரிடம் போனில் சொன்னபோது, "பார்த்துச் சொல்றேன்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ரசீதும் குடும்பக் கதையும். அதே டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் ஃபேவர் லூபா கிடந்தது. 1865-லேயே பம்பாயில் கால் ஊன்றிய சுவிஸ் கம்பெனி. சீக்கோவைப்போல அதன் பின்மூடி எண்ணைப் பிரித்து மாதம் படிக்க முடியாது. டயலில் 'ஜெனிவா' என்பதைத் தவிர உருப்படியாக ஒன்றுமில்லை. கூடவே மடித்து வைத்த கடை ரசீது, தேதி இருந்த மூலையைப் பூச்சி தின்றிருந்தது. ஆனால் தலைப்பில் கடை முகவரி தெளிவாக இருந்தது: "கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லா". சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது 1965 அக்டோபரில். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். ஆகவே நம் பக்கத்து ரசீதுகளில் சேலம் என்றால் ஒரு காலம், தர்மபுரி என்றால் ஒரு காலம். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. பழைய பில் புத்தகம் தீரும்வரை கடைக்காரர் அதிலேயே எழுதியிருக்கலாம் என்பதற்கு ஓரிரு வருடம் தள்ளுபடி கொடுத்துவிடுங்கள். ரசீது வாட்சோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். எங்களுடையதில் எழுதியிருந்த எண்ணும் பின்மூடி எண்ணும் ஒன்றாகவே இருந்தன.

குடும்பக் கதையை நான் கடைசி இடத்தில் வைத்திருந்தேன். பெரியம்மாவின் கணக்கு மாதம் தவறாமல் பொருந்தியதும் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டியதாயிற்று. ஆண்கள் ஊர்வலத்தை வைத்து வருடம் சொல்கிறார்கள், பெண்கள் பிரசவத்தை வைத்து.

பெரியப்பாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அன்னைக்கு நான் கட்டிட்டுப் போனது எது?" என்றார். பெரியம்மா ஃபேவர் லூபாவை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "மாமாவோடத. கேக்காம எடுத்துட்டுப் போயி, திரும்பி வந்து வாங்கிக் கட்டிக்கிட்டீங்களே." பெரியப்பா அதை வாங்கிச் சாவி கொடுத்தார். நாலு சுற்றிலேயே டிக் டிக் என்று ஓட ஆரம்பித்தது.