முழுத் தொகையையும் கட்டிவிடாதீர்கள்: காணொளிப் பேச்சுப் பயிற்சியில் நாங்கள் இழந்த 2,880 ரிங்கிட்

கோபம் அடங்கட்டும் என்று இரண்டு நாள் பொறுத்தேன். அடங்கவில்லை. பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அப்பாவுக்குக் காணொளி வழியாகப் பேச்சுப் பயிற்சி தருவதாகச் சொல்லி, ஓர் இணையச் சேவை எங்களிடம் 2,880 ரிங்கிட்டை வாங்கிக்கொண்டு கைவிரித்துவிட்டது.

தைப்பூசம் முடிந்த வாரம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டன, பேச்சுதான் திரும்பவில்லை. நாம் சொல்வது புரிகிறது, அவர் வாய்க்குத்தான் சொல் வருவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் "சாவி" என்கிறார். தவறு என்று அவருக்கே தெரிந்து நெற்றியில் அடித்துக்கொள்கிறார். மருத்துவமனையில் அடுத்த பயிற்சிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அந்தத் தவிப்பில்தான் விளம்பரம் கண்ணில் பட்டது: வீட்டிலிருந்தபடியே, தமிழிலேயே பயிற்சி.

முதல் அமர்வு இலவசம். திரையில் வந்த பெண் நல்ல தமிழ் பேசினார். "அப்பா, என்னோடு சேர்ந்து எண்ணுங்கள்" என்று ஒன்று, இரண்டு சொல்லி மூன்றோடு நிறுத்திக்கொண்டார். அப்பா விடாமல் பத்து வரை சொல்லி முடித்தார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து நின்றார். சாம்பார் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. "பார்த்தீர்களா, முதல் நாளே!" என்றார் அந்தப் பெண். அன்று மாலையே அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தேன். அமர்வுக்கு 120 என்று 24 அமர்வுகளுக்கு 2,880 ரிங்கிட், ஒரே தடவையில்.

எண்கள், கிழமைகள், பழகிய பாட்டு போன்றவை இப்படிப் பேச்சிழந்தவர்கள் பலருக்குத் தானாகவே வருமாம். மருத்துவமனைப் பயிற்சியாளர் பிறகு சொல்லித்தான் தெரிந்தது. என் அப்பாவிடம் இருந்ததையே எடுத்து எங்களிடம் விற்றிருக்கிறார்கள். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பணம் போன பிறகு அந்தப் பெண்ணைக் காணவே இல்லை. அடுத்த வாரம் வேறொரு முகம். தமிழ் ஒரு சொல் தெரியாது. பனிமனிதன் படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்த மனிதர் பனிமனிதனை எங்கே கண்டார்? அப்பா திரையை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது அமர்வு இருபது நிமிடத்தில் முடிந்தது. நான்காவதுக்கு யாரும் வரவில்லை.

கேட்டால் "உங்கள் இணைய வேகம் சரியில்லை" என்றார்கள். பிறகு மேலாளர் விடுமுறை என்றார்கள். பிறகு "தொகை திருப்பித் தரப்படாது என்பதற்கு நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்" என்று ஒரு வரி. பயிற்சியாளரின் பதிவு எண்ணைக் கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

அந்த எண்ணைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். மருத்துவத் துணைத் தொழில்களுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் 774இன்படி மலேசியாவில் பேச்சு சிகிச்சையாளர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். அமர்வுக்கு அமர்வு மட்டும் கட்டுங்கள். யார் வருவார், எந்த மொழியில் பேசுவார் என்று எழுத்தில் வாங்குங்கள். மோசடி என்று தெரிந்த கணமே வங்கியையும், மோசடிப் புகார்களுக்கான தேசிய எண் 997ஐயும் அழையுங்கள். நான் ஒன்பது நாள் தாமதித்தேன்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று காலையும் அவர்களை அழைத்தேன். 2,880 ரிங்கிட்டை வாங்கும்போது முதல் மணியிலேயே எடுத்த அதே எண், இப்போது அடித்துக்கொண்டே இருக்கிறது.