சி.கே.பி.டி., கேப்ஸ் ரெண்டும் வருஷக்கணக்கா கையில இருக்கு: எது எதுக்கு உதவுச்சு

அமெரிக்காவுல கிச்சன், பாத்ரூம் டிசைன் வேலைக்கு வரணும்னு நினைக்கிற நம்ம ஆளுங்க, முக்கியமா எச்4-ல (வேலை விசாவுல இருக்குறவங்களோட துணைக்குக் கிடைக்கிற விசா) வந்து ஈ.ஏ.டி. (வேலை செய்ய அனுமதி) கிடைச்ச கையோட வேலை தேடுற பொண்ணுங்க, "அக்கா எந்த சர்டிஃபிகேட் வாங்கட்டும்"னு தான் முதல்ல கேக்குறாங்க. நான் நியூஜெர்சியில இதே தொழில்ல இருக்கேன், பெயருக்குப் பின்னாடி சி.கே.பி.டி.யும் (கிச்சன், பாத் டிசைனர் சர்டிஃபிகேட்) கேப்ஸும் (வயசானவங்களுக்கு ஏத்த மாதிரி வீட்டை மாத்துறதுக்கான சர்டிஃபிகேட்) போட்டு ரொம்ப வருஷம் ஆச்சு, அதனால விளம்பரப் பக்கத்துல இல்லாததை எழுதுறேன்.

அடிப்படையை வேகமா சொல்லிடுறேன். என்.கே.பி.ஏ.ங்கறது நேஷனல் கிச்சன் அண்ட் பாத் அசோசியேஷன், 1963-ல ஆரம்பிச்சது. அவங்ககிட்ட மூணு படி இருக்கு, அசோசியேட்டுக்கு ஏ.கே.பி.டி., அடுத்தது சி.கே.பி.டி., உச்சியில மாஸ்டர். முன்னாடி கிச்சனுக்குத் தனியா சி.கே.டி., பாத்துக்குத் தனியா சி.பி.டி.ன்னு இருந்துச்சு, அப்புறம் சேத்துட்டாங்க. கேப்ஸ் வேற இடத்துலேருந்து வருது, வீடு கட்டுறவங்க சங்கமான என்.ஏ.எச்.பி., ஏ.ஏ.ஆர்.பி.ங்கற வயசானவங்க அமைப்போட சேந்து கொண்டுவந்தது, வயசானவங்க முதியோர் இல்லத்துக்குப் போகாம சொந்த வீட்டுலயே இருக்குறதுக்கு வீட்டை எப்படி மாத்தணும்ங்கற படிப்பு. பெரும்பாலான மாநிலங்கள்ல வீட்டு கிச்சன் டிசைன் பண்ண லைசென்ஸ் எதுவும் தேவையில்ல, அதனால இது எதுவுமே சட்டப்படி கட்டாயம் கிடையாது, இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

சி.கே.பி.டி. எனக்குக் கொடுத்தது அளவுகள். என்.கே.பி.ஏ. பிளானிங் கைட்லைன்ஸ்ல கிச்சனுக்கு 31, பாத்ரூமுக்கு 27 இருக்கு, அது மண்டையில ஏறிடுச்சுன்னா ஒரு பிளானைப் பாத்த உடனே எங்க இடிக்கும்னு தெரிஞ்சிடும். ஒருத்தர் சமைச்சா நடுவுல 42 இஞ்ச் வழி, ரெண்டு பேர்னா 48, சிங்க்குக்கு ஒரு பக்கம் 24 இஞ்ச், இன்னொரு பக்கம் 18 இஞ்ச் மேடை, மைக்ரோவேவ் அடிப்பாகம் தரையிலேருந்து 54 இஞ்சுக்கு மேல போகவே கூடாது. நம்ம வீடுகள்ல அடுப்புக்கு மேலயே மைக்ரோவேவ் மாட்டி அதையே எக்ஸாஸ்டாவும் ஓட்டுறாங்க. தாளிப்புப் புகைக்கு அது பத்தாதுங்கறது ஒரு பக்கம், எழுபது வயசு அம்மா கொதிக்கிற குழம்பு பாத்திரத்தை எரியுற அடுப்புக்கு மேல கையை நீட்டி இறக்குறாங்கங்கறது இன்னொரு பக்கம், இந்த ரெண்டாவது காரணத்தை அந்த நம்பரைக் காட்டி சொன்னேன்னா கஸ்டமர் மறுபேச்சு பேசாம ஒத்துக்குறாங்க. (வெட் கிரைண்டரும் அப்படித்தான், கீழ் கேபினட்ல வச்சு தூக்குறதை நிறுத்துங்க, அதுக்குன்னு கொஞ்சம் தாழ்வா ஒரு மேடை போட்டு அங்கயே நிரந்தரமா வச்சிடுங்க.)

கேப்ஸ் மூணு வகுப்பு. வயசான கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசுறது, டிசைன் கருத்துகள், அப்புறம் விவரமான தீர்வுகள், ஒவ்வொண்ணுக்கும் முடிவுல பரீட்சை. உள்ளதைச் சொல்லணும்னா, ஏற்கனவே கிச்சன் பாத் படிச்சவங்களுக்கு ரெண்டாவது வகுப்புல பாதி தெரிஞ்ச விஷயமா இருக்கும். ஆனா முதல் வகுப்பை நான் குறைச்சுச் சொல்லவே மாட்டேன். என்ன கேக்கணும், எதைக் கண்ணால பாக்கணும்னு அங்கதான் பிடிபட ஆரம்பிச்சது. இப்ப நான் ஒரு வீட்டுக்குள்ள போனா முதல்ல டேப்பை எடுக்குறதில்ல, பாத்ரூம் கதவு நிலையில, டாய்லெட் பக்கத்து சுவத்துல பெயின்ட் எங்க அழுக்காயிருக்குன்னு பாக்குறேன். அவங்க தினமும் கை ஊன்றி எந்திரிக்கிற இடம் அதுதான், கிராப் பார் (சுவத்துல மாட்டுற கைப்பிடிக் கம்பி) அங்கதான் வேணும். டவல் கம்பி ஆடுதான்னு தொட்டுப் பாக்குறேன், ஆடுச்சுன்னா அதைப் பிடிச்சுத்தான் இத்தன நாள் டப்புக்குள்ள ஏறி இறங்கியிருக்காங்க. வாயால கேட்டா "எனக்கு என்னம்மா, நல்லா நடக்குறேன்"னு தான் பதில் வரும், ஆனா அந்தக் கம்பி பொய் சொல்லாது.

இங்க 65 வயசுக்கு மேல இருக்குறவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல வருஷத்துல ஒரு தடவையாவது விழுறாங்கன்னு அமெரிக்க அரசோட சுகாதார அமைப்பு சி.டி.சி. சொல்லுது. 2030-க்குள்ள பேபி பூமர் (ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் பிறந்த) தலைமுறை மொத்தமும் 65 தாண்டிடும். அதனால கேப்ஸ் வச்சிருக்கவங்களுக்கு வேலை இருக்கு, அதுல சந்தேகமே இல்ல.

ஆனா கேப்ஸ் வரையக் கத்துக்கொடுக்காது. இதை எத்தனை தடவ சொன்னாலும் தகும், ஏன்னா வெறும் கேப்ஸை மட்டும் வாங்கிட்டு கஸ்டமர் வீட்டுல போய் நின்னா ஒண்ணும் ஓடாது. நியூஜெர்சியோட பழைய வீடுகள்ல மாடியில இருக்குற பாத்ரூம் அஞ்சடிக்கு எட்டடி, அதுல அறுபது இஞ்ச் டப். வீல்சேர் திரும்ப அறுபது இஞ்ச் வட்டம் வேணும்னு புத்தகம் சொல்லுது, டப்பை வச்சுக்கிட்டு அது எந்தக் காலத்துலயும் வராது. டப்பை எடுத்துட்டு கர்ப் (தாண்டிப் போற விளிம்பு) இல்லாத ஷவர் போட்டா ஷவர் தரையும் அந்த வட்டத்துக்குள்ள சேந்துக்கும். அதுக்கு அடிக்குக் கால் இஞ்ச் சரிவு, அஞ்சடி நீளத்துக்கு ஒண்ணேகால் இஞ்ச் இறங்கணும், அந்த ஒண்ணேகால் இஞ்சை ஜாயிஸ்ட்டை (தரையைத் தாங்குற மரச்சட்டத்தை) பலவீனப்படுத்தாம எங்கேருந்து எடுக்குறதுன்னு யோசிக்கிறதுதான் டிசைன். அந்தப் பயிற்சி எனக்கு கிச்சன் பாத் பக்கத்துலேருந்துதான் வந்துச்சு.

இன்னொரு விஷயம் பிளாக்கிங். டைல் ஒட்டுறதுக்கு முன்னாடி ஸ்டட்டுகளுக்கு (சுவருக்குள்ள செங்குத்தா நிக்கிற சட்டங்களுக்கு) நடுவுல மரக்கட்டை அடிச்சு வைக்கணும், கிராப் பார் 250 பவுண்டு தாங்கணும், டிரைவால்ல (ஜிப்சம் பலகைச் சுவத்துல) திருகினா தாங்காது. ஒரு வேலையில கான்ட்ராக்டர் பிளான்ல இருந்தும் அதை அடிக்காம மூடிட்டார், டைலைத் திரும்ப உடைச்சோம். அதுலேருந்து சுவர் மூடுறதுக்கு முன்னாடி, டேப் தெரியுற மாதிரி ஒவ்வொரு கட்டையையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரர்கிட்டயும் ஒரு காப்பி கொடுத்துடுறேன். கலிஃபோர்னியாவுல 2024 ஜூலையிலேருந்து புது வீடுகள்ல ஒரு பாத்ரூமுக்காவது இந்த பிளாக்கிங் கட்டாயம், எல்லா மாநிலத்துலயும் வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை, மரக்கட்டை என்ன பெரிய விலையா.

கேப்ஸ் வாங்கினவங்க டாக்டர் மாதிரி பேசுறதையும் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அது வேணாம். ஸ்ட்ரோக் வந்தவர், பார்க்கின்சன்ஸ் இருக்குறவர் வீடுன்னா ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைக் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி கொடுக்குற நிபுணர்) கூட்டிட்டுப் போங்க, எந்தக் கை பலம், எந்தப் பக்கம் சாயுறார்னு அவங்க சொன்னப்புறம் நீங்க வரைங்க. ஏ.டி.ஏ. (மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டம்) அளவை அப்படியே தனி வீட்டுல ஒட்டுறதும் தேவையில்ல, அந்தச் சட்டம் தனியார் வீட்டுக்குப் பொருந்தாது, அஞ்சடிக்குக் குறைவா இருக்குற அம்மாவுக்கு 19 இஞ்ச் உயர டாய்லெட் போட்டா கால் தொங்கும். செலவு பத்தியும் முன்னாடியே சொல்லிடுங்க, ஒரிஜினல் மெடிகேர் (வயசானவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கிராப் பாருக்கெல்லாம் பணம் தராது, ராணுவத்துல இருந்தவங்கன்னா வி.ஏ. (முன்னாள் ராணுவத்தினர் துறை) மானியம் இருக்கு, கேக்கச் சொல்லுங்க.

அதனால புதுசா வர்றவங்களுக்கு என் வரிசை இதுதான். முதல்ல ஒரு கேபினட் ஷோரூம்லயோ ரீமாடலிங் கம்பெனியிலயோ வேலைக்குச் சேருங்க, அங்க இருந்துக்கிட்டே ஏ.கே.பி.டி. எழுதுங்க, பல முதலாளிங்க ஃபீஸ் கட்டுவாங்க, வாயைத் திறந்து கேளுங்க. அடுத்து கேப்ஸ், மூணு வகுப்பையும் தொடர்ச்சியா முடிச்சிடுங்க. சி.கே.பி.டி.க்கு அனுபவ வருஷம் சேரட்டும், அவசரம் இல்ல. கேப்ஸுக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ 12 மணி நேரம் தொடர் படிப்பு காட்டணும், கேபிஸ்ங்கற கிச்சன், பாத் தொழில் கண்காட்சிக்குப் போறவங்க அங்க வகுப்புகளையும் பாத்து வச்சுக்கலாம். மாஸ்டர் படிக்கு நான் போகல, கஸ்டமர் யாரும் அதைக் கேட்டதில்ல. கேப்ஸை மட்டும் கண்டிப்பா புதுப்பிச்சுக்கிட்டே இருப்பேன், இப்ப எனக்கு வர்ற போன்ல பாதிக்கு மேல "அம்மாவுக்கு மாடி ஏற முடியல, கீழயே ஒரு பாத்ரூம் போட முடியுமா"ங்கற கேள்விதான்.