சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடம்: வீட்டுப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்

மேக்ஸ்வெல் உணவங்காடிக்குப் பக்கத்தில் இருக்கிறது நகரச் சீரமைப்பு ஆணையத்தின் கட்டடம். அதற்குள் இருக்கும், சிங்கப்பூர் எப்படித் திட்டமிடப்பட்டு வளர்ந்தது என்பதைக் காட்டும் நகரக் காட்சிக்கூடத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இடம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், வீட்டில் வயதானவர் இருந்தால் முதலில் அவரைத்தான் கூட்டிப்போக வேண்டும். கட்டணம் கிடையாது.

அங்கே நகர மையத்தின் பெரிய மாதிரி ஒன்று இருக்கிறது. மற்றதையெல்லாம் வேகமாகப் பார்த்தாலும் பரவாயில்லை, இதன் முன்னால் நிதானமாக நில்லுங்கள். 400-இல் ஒரு பங்கு அளவு என்பதால் 50 மாடிக் குடியிருப்பான பினக்கிள் அட் டக்ஸ்டன்கூட ஒரு முழம் வராது. நம் ஊர் வானத்தை நோக்கி மட்டும் வளரவில்லை, கடலுக்குள்ளும் வளர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

அதில் தெலுக் ஆயர் ஸ்திரீட்டைத் தேடிப் பிடியுங்கள். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை நாகூர் தர்காவைக் கட்டியபோது அந்தத் தெருவையொட்டியே கடல் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே கடலைத் தூர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது தர்காவிலிருந்து மரினா பே தண்ணீரைப் பார்க்க அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். நடுவில் நிற்பதெல்லாம் வங்கிகளும் அலுவலகக் கோபுரங்களும்.

நான் கூட்டிப்போன என் அம்மா, கிழக்குக் கரையை ஒட்டிய காத்தோங்கில் வளர்ந்தவர். மாதிரியில் காத்தோங் இல்லை, ஆனாலும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. “இப்ப மரின் பரேட் புளோக்கெல்லாம் நிக்குற இடத்துலதான் நாங்க குளிச்சோம். பிடோக் பக்கம் குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டாந்து கொட்டுனாங்க” என்றார்.

“அப்போ குன்றும் போச்சு, கடலும் போச்சா பாட்டி?” என்று கேட்டான் என் மகன்.

சரியான கேள்வி. கிழக்குக் கரையில் அந்த வேலை தொடங்கியது 1966-இல். 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. சொந்தக் குன்றுகள் போதாமல் வெளியிலிருந்து மணல் வாங்கினோம். 2007-இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே கட்டுமானத் துறை திண்டாடியது. அப்புறம் கடல்மட்டம் வேறு உயர்கிறது. தீவில் ஏறக்குறைய 30 விழுக்காடு நிலம் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்துக்கும் கீழே இருக்கிறது. கிழக்குக் கரைக்கு வெளியே சுமார் 800 ஹெக்டரில் திட்டமிட்டிருக்கும் ‘லாங் ஐலண்ட்’, புது நிலமாக மட்டுமல்லாமல் கடலைத் தடுக்கும் அணையாகவும் இருக்கப்போகிறது. அம்மா குளித்த கடலை நிரப்பி வந்த கரையைக் காப்பாற்ற, அதற்கு அப்பாலும் கடலை நிரப்ப வேண்டியிருக்கிறது. இதை யோசித்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

காட்சிக்கூடம் சொல்வது திட்டமிட்டவர்களின் கதை. அதை நன்றாகவே சொல்கிறது. இடம் மாறிப்போன குடும்பங்களின் குரலும் இன்னும் நிறையக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் பெரியவர் ஒருவர் கூட வருவது அவசியம் என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். சனிக்கிழமை காலையில் போனால், முடித்துவிட்டு மேக்ஸ்வெல்லில் சாப்பிட்டு, அப்படியே தெலுக் ஆயருக்கு நடந்து தர்காவையும் பார்த்துவிடலாம். தூரம் அதிகமில்லை, அம்மாவே நடந்துவிட்டார்.