கொழும்பு கொட்டாஞ்சேனையில சனிக்கிழமை நடக்கிற 'அம்மா அப்பா வகுப்பு': 8 கிழமை போயிட்டு வந்து எழுதுறன்

முதல்லயே சொல்லிடுறன், பிள்ளைய அங்க விட்டுட்டு ரெண்டு மணித்தியாலம் புறக்கோட்டைப் பக்கம் சாமான் வாங்கப் போகலாம் எண்டு நினைச்சு சேராதீங்க, நான் அப்பிடி நினைச்சுத்தான் சேர்ந்தனான். பதிவுக்கு 500 ரூவா கட்டிப்போட்டு மகன்ட கையப் பிடிச்சுக்கொண்டு ஹோலுக்குள்ள போனா கதிரையெல்லாம் எங்களுக்குப் போட்டிருக்கு, பிள்ளையள் மூலையில பாய் விரிச்சு ரெண்டு அக்காமாரோட. படிக்க வந்தது அவன் இல்லயாம், நானாம். "பிள்ளை எங்களோட கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம், மிச்ச நேரம் முழுக்க உங்களோட, அப்ப நான் யாருக்குப் படிப்பிக்க வேணும்?" எண்டு மிஸ் சிரிச்சுக்கொண்டு கேட்டா. எனக்கு அப்ப கடுப்புத்தான் வந்தது. வகுப்பு நடத்துறவையளிண்ட பேர் இதில போடேல்ல, ஏனெண்டா கீழ குறையும் சொல்லப்போறன்.

எங்கட நிலைமையச் சொன்னாத்தான் விளங்கும். மகனுக்கு வாற ஜனவரி 31க்கு முதல் 5 வயசு முடியுது, அப்ப தரம் 1க்குப் போடவேணும். இவர் ஸ்கூலுக்கு விலாசம் காட்ட வாக்காளர் இடாப்பு, கரண்ட் பில் எண்டு ஒரு பைல் சேர்த்துக்கொண்டு திரியிறார், நான் கொப்பியோட நிக்கிறன். போன விஜயதசமிக்குக் கோயில்ல ஏடு தொடக்கினது, ஐயர் விரலப் பிடிச்சு அரிசியில 'அ' எழுத வச்சார், இவன் கோயிலே அதிரக் கத்தினான். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் ரெண்டு பக்கம் எழுத வைக்கிறது, அவன் அழுறது, நான் ஏசுறது, பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால எட்டிப் பாக்கிறது, இதுதான் எங்கட டைம்டேபிள்.

இரண்டாவது சனிக்கிழமை நடந்தது மட்டும் போதும் அந்த 500 ரூவாக்கு. ஒரு வசனமும் இல்லாத படம் ஒண்டு தந்தாங்க, மழையில ஒரு பஸ் ஹோல்ட், கொஞ்ச சனம் நிக்குது, அவ்வளவுதான். பிள்ளையோட 5 நிமிசம் அதைப் பற்றிக் கதைங்க எண்டாங்க. நான் தொடங்கினன், இது என்ன, இது என்ன கலர், எத்தின பேர் நிக்கினம், பஸ் எங்க, குடை எங்க... மிஸ் பின்னுக்கு நிண்டு எண்ணியிருக்கிறா. 5 நிமிசத்தில 23 கேள்வியாம், அதில பாதிக்கு நானே மறுமொழியும் சொல்லியிருக்கிறன். "பொலிஸ்ல கேக்கிற மாதிரிக் கேக்கிறீங்க, ஒண்டக் கேட்டுட்டு மனசுக்குள்ள 5 எண்ணுங்க" எண்டா. சரி எண்டு 'இங்க என்ன நடக்குது' எண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாய மூடிக்கொண்டு இருந்தன், சத்தியமா அந்த 5 எண்ணுறது சரியான கஷ்டம். 4 எண்ணேக்க அவன் சொல்றான், "அந்த ஆச்சிட்ட குடை இல்ல, பஸ்ஸுக்குள்ள ஏறினா நனையமாட்டா, ஆனா பஸ் நிக்காமப் போகுது, ட்ரைவருக்கு வீட்ட போக அவசரம்." ஒரு நாளும் இவ்வளவு நீளமா அவன் கதைச்சு நான் கேட்டதில்ல. கதைக்கிறதுக்கு நான் எங்க விட்டனான்!

எழுத்து விசயத்தில மிஸ் என்ட கொப்பியப் பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்ல, வீட்ட போய் ஒரு தட்டில பருப்பப் போட்டுக் கல்லுப் பொறுக்க விடச் சொன்னா, அதோட உடுப்புக் கிளிப் போட, றொட்டி மாவு உருட்ட. விரல் பலப்படாம பென்சில் பிடிச்சா கை நோகும், அதுதான் அழுறானாம். பென்சிலுக்குப் பதிலா ஒரு தட்டில ரவை பரப்பி விரலால எழுதட்டும் எண்டா. கோயில்ல செய்த அதே விசயம், அதை ஒரு நாள் சடங்கோட விட்டுட்டு நாங்க நேர கொப்பிக்குப் பாஞ்சிட்டம். இப்ப அவன் ரவையில 'அ' எழுதுறான், அழிக்கிறான், ரோட்டுப் போட்டுக் கார் ஓடுறான், ரவை வீடு முழுக்க. கூட்டுறது யார் எண்டு கேக்காதீங்க.

பாஷைக் கதைதான் வகுப்பில பெரிய சண்டையா வந்தது. ஸ்கூல் இன்டர்வியூவுக்கு உதவும் எண்டு நான் வீட்டில 'கம் ஹியர், ஈட் த ரைஸ், டோன்ட் டு லைக் தட்' எண்டு ஒரு இங்கிலிஷ் கதைச்சுக்கொண்டு இருந்தனான், அவ்வளவுதான் எனக்கு வரும், அதுக்கு மேல கதை சொல்ல ஏலாது. மிஸ் சொன்னா, "நீங்க எந்தப் பாஷையில சண்டை பிடிக்கிறீங்களோ அந்தப் பாஷையில கதை சொல்லுங்க". கட்டளை போட மட்டும் தெரிஞ்ச பாஷையில வளத்தா பிள்ளைக்கு வாறதும் கட்டளை மட்டும்தானாம், வீட்டுப் பாஷை நல்லா வந்தா மற்றது அதுக்கு மேல ஏறும். ஒரு அம்மா எழும்பி ஒத்துக்கொள்ளவே இல்ல, பிறகு ஸ்கூல்ல கஷ்டப்படுவான் தானே எண்டு. அவ கேட்டதிலயும் நியாயம் இருக்கு, நான் இன்னும் பாதி மனசோடதான் இருக்கிறன். ஆனா இரவில தமிழ்ல கதை சொல்லத் தொடங்கினதில இருந்து அவன் "பிறகு? பிறகு?" எண்டு கேக்கிறான், இங்கிலிஷ்ல ஒரு நாளும் அப்பிடிக் கேட்டதில்ல.

விளையாட்டுச் சாமான் செய்த கிழமை மிஸ் ஜமெய்க்காவில நடந்த ஒரு ஆய்வு பற்றிச் சொன்னா, நான் வந்து தேடிப் பாத்தனான், உண்மைதான். 1986, 87ல கிங்ஸ்டன்ல வளர்ச்சி குறைஞ்ச 129 சின்னப் பிள்ளையள எடுத்து, அதில ஒரு பகுதிப் பிள்ளையளிண்ட வீடுகளுக்கு சுகாதார உதவியாளர்மார் கிழமைக்கு ஒருக்கா ஒரு மணித்தியாலம் படி 2 வருசம் போயிருக்கினம், கையால செய்த விளையாட்டுச் சாமானோட பிள்ளையோட எப்பிடி விளையாடுறது எண்டு அம்மாக்குக் காட்டிக் குடுக்கிறதுதான் வேலை. 20 வருசம் கழிச்சுப் பாத்தா அந்தப் பிள்ளையள் உழைக்கிற காசு மற்றவையள விட 25% கூட. போத்தல் மூடியும் பால்மாப் பெட்டியும் வச்சுக்கொண்டு இருந்த எங்களுக்கு அதைக் கேக்கத்தான் கொஞ்சம் உசார் வந்தது.

இன்னொரு நாள் கிளினிக் புத்தகம் கொண்டுவரச் சொன்னாங்க, மிட்வைஃப் மிஸ் ஒருத்தர் வந்தா. தடுப்பூசித் திகதியும் நிறையும் பாக்கிறதுக்குத் தவிர நான் அந்தப் புத்தகத்தத் திறந்ததே இல்ல, எந்த வயசில பிள்ளை என்ன செய்யவேணும் எண்டு அதிலயே போட்டிருக்கு. 4 வருசமா அலுமாரிக்குள்ள கிடந்தது!

இனிக் குறை. வகுப்பில தாற தமிழ்த் தாள் பாவிக்கவே ஏலாது. கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் கழண்டு கிடக்கு, வாசிச்சாலும் 'நுண்ணியக்கத் திறன்களை ஊக்குவிக்கவும்' எண்டிருக்கு. பருப்புல கல்லுப் பொறுக்க விடுங்க எண்டு மிஸ் வாயால சொன்னதத் தாள்ல போட்டா என்ன? வகுப்பு சிங்களத்திலயும் தமிழ்லயும் மாறி மாறிப் போறதால நேரம் இழுபடுது, அது பரவாயில்ல, சிங்கள அம்மாமாரிட்ட நானும் ரெண்டு கதை பிடிச்சன். ஆனா ஒரு நாள் வகுப்பு இல்ல எண்டு காலம 8.15க்கு வட்ஸ்அப்ல சிங்களத்தில மட்டும் போட்டாங்க, நாங்க நாலு தமிழ் அம்மாமார் பூட்டின கேட்டுக்கு முன்னால பிள்ளையளோட.

நாலாவது கிழமை 3,500 ரூவாக்கு ஒரு பெட்டி விக்க வந்தாங்க, கட்டையும் அட்டையும். முதல் கிழமை போத்தல் மூடி போதும் எண்டவங்கதான் இவங்க. வாங்காட்டி ஒண்டும் சொல்லேல்ல, ஆனா வாங்கினவையள முன்னுக்குக் கூப்பிட்டு படம் எடுத்தது எனக்குப் பிடிக்கேல்ல.

சனிக்கிழமை காலம 9.30 எண்டா கடையில வேலை செய்யிற அப்பாமார் எப்பிடி வாறது? இவருக்குச் சனி பின்னேரம் வரைக்கும் வேலை. 22 பேரில அப்பாமார் ரெண்டே ரெண்டு பேர், அதில ஒரு அண்ணா திரீவீல் ஓடுறவர், ஹயர் ஒண்ட விட்டுட்டு வருவார், அவர் சொன்ன கதைக்குத்தான் பிள்ளையள் எல்லாம் பாயோட இழுபட்டு வந்து முன்னுக்குக் குந்தினதுகள். ஞாயிறு பின்னேரம் ஒரு வகுப்பு வைங்க எண்டு நாங்க எழுதிக் குடுத்திருக்கிறம்.

5க்கு 4 குடுப்பன். அந்தப் பெட்டி வியாபாரத்துக்குத்தான் ஒண்டு வெட்டினது. போறதெண்டா தண்ணிப் போத்தலும் விசிறியும் கொண்டு போங்க, ரெண்டு ஃபேன்ல ஒண்டு சுத்தாது, பிள்ளைய வீட்டிலயே பாத்ரூம் போக வச்சிட்டுக் கூட்டிக்கொண்டு போங்க. வாகனம் விட இடமில்ல. பெட்டி வாங்காதீங்க, அந்தக் காசில விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில இருக்கிற பொது நூலகத்துக்கு சில தரம் திரீவீல்ல போய் வரலாம், அங்க சிறுவர் பகுதி இருக்கு. இவன் இப்ப என்னட்ட எதையாவது கேட்டுட்டு என்ட முகத்துக்கு முன்னால விரல மடக்கி 5 எண்ணுறான், நான் 3லயே வாயத் திறந்தா "அம்மா, இன்னும் முடியேல்ல" எண்டுறான்.