சளியே வரவில்லையா? உப்புநீர் நெபுலைசரா, பிராங்கோஸ்கோபியா

எக்ஸ்ரேயில் காசநோய்ச் சந்தேகம், டப்பாவில் விழுவதோ எச்சில். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நோயாளியை அதற்காக உடனே மதுரைக்கு பிராங்கோஸ்கோபிக்கு (மூச்சுக்குழாய்க்குள் குழாய்க்கருவி விட்டுப் பார்க்கும் சோதனை) அலைக்கழிக்க வேண்டாம். முதலில் 3 சதவீத உப்புக்கரைசலை 15 நிமிடம் நெபுலைசரில் (கரைசலை நுண்துளிகளாக்கும் கருவி) இழுக்கவைத்து, ஆழமாக இருமச் சொல்லுங்கள். காற்றோட்டமான இடமும் ஊழியருக்கு என்-95 முகக்கவசமும் கட்டாயம். ஆஸ்துமா இருந்தால் மூச்சு இறுகலாம். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சால்பூட்டமால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இந்தச் சளி நீர்த்தே இருக்கும். டப்பாவில் ‘தூண்டிய சளி’ என்று எழுதாவிட்டால் எச்சிலென்று ஆய்வகம் ஒதுக்கிவிடும்.

அதிலும் பிடிபடாமல், புற்றுநோய் ஐயமும் இருந்தால் பிராங்கோஸ்கோபிதான் சரி; திசுவும் எடுக்கலாம். ஆனால் மரப்பு மருந்தான லிக்னோகெயின் மாதிரியில் அதிகம் கலந்தால் கல்ச்சரில் கிருமி வளர்வது தடைபடும். மாதிரி எடுக்க நுரையீரலுக்குள் விட்டுக் கழுவும் சலைன் (உப்புநீர்) முழுதாகத் திரும்புவதில்லை, கிருமியும் நீர்த்துப்போகும். கருவியை எடுத்தபின் இருமிவரும் சளியைத் துப்பிவிட விடாதீர்கள். அதையும் சேர்த்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.